எட்டுக் குமிழ், ஒரு ஃபேடர்: வீட்டு ரெக்கார்டிங் மேசைக்கு ப்ளகினும் கன்ட்ரோலரும் தேர்ந்தெடுத்த அனுபவம்

வீட்டு ரெக்கார்டிங் மேசை ஒருவழியாக எனக்குப் பிடித்த நிலைக்கு வந்துவிட்டது. இடது பக்கம் மோட்டார் வைத்த ஒற்றை ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் கட்டை), வலது பக்கம் முடிவில்லாமல் சுற்றும் எட்டுக் குமிழ்கள் உள்ள ஒரு சின்னப் பெட்டி, நடுவில் மிடி கீபோர்டு (ஒலியை அல்ல, எந்தக் கட்டை, எந்தக் குமிழ் என்ற செய்திகளைக் கணினிக்கு அனுப்புவது). பதிவுக்கும் மிக்ஸுக்கும் மென்பொருள் ரீப்பர். அதைக் கையால் இயக்க உதவும் இந்தப் பெட்டிகள்தான் கன்ட்ரோலர், அதற்குள் ஒலியை மாற்றச் செருகும் சின்ன நிரல்கள்தான் ப்ளகின். ஒரு குரல் ட்ராக்கை மிக்ஸ் செய்யும்போது ஈக்யூவையும் (ஒலியின் அடி, நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) கம்ப்ரஸரையும் (பலமான இடங்களை அடக்கிச் சமப்படுத்துவது) திரையைப் பார்க்காமலே திருப்ப முடிகிறது. இந்த நிலைக்கு வருவதற்குள் வாங்கியது, கடன் கேட்டது, திருப்பிக் கொடுத்தது எல்லாம் நடந்தாயிற்று. எந்த வரிசையில் என்ன செய்தேன், எது ஒத்துவரவில்லை என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். ஒலியியல் பாடம் எதுவும் இதில் இல்லை.

ஆரம்பத்தில் இருந்தது 25 கட்டை மிடி கீபோர்டு. அதிலேயே எட்டுக் குமிழ்கள் உண்டு என்பதால் தனியாகக் கன்ட்ரோலர் எதற்கு என்றுதான் நினைத்தேன். அந்தக் குமிழ்கள் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் நின்றுவிடும் வகை, சாதாரண பொட்டன்ஷியோமீட்டர். குமிழ் கால்வாசியில் இருக்கிறது, திரையில் அதே அமைப்பு முக்கால்வாசியில் இருக்கிறது என்றால், தொட்ட கணத்தில் சத்தம் தடாலென்று குமிழ் இருக்கும் இடத்துக்குத் தாவும். இதைத் தடுக்க 'சாஃப்ட் டேக்ஓவர்' என்று ஒரு வசதி உண்டு. குமிழ் அந்த மதிப்பைக் கடக்கும்வரை மென்பொருள் எதையும் அசைக்காது. தாவல் நின்றது, ஆனால் வேறொரு தொல்லை வந்தது: ட்ராக் மாற்றும்போதெல்லாம் எட்டுக் குமிழையும் இப்படியும் அப்படியும் திருகி மதிப்பைப் 'பிடிக்க' வேண்டும். அதற்கு மவுஸே மேல்.

இன்னொன்று படிகளின் எண்ணிக்கை. 1983இல் வந்த மிடியின் சாதாரண கன்ட்ரோல் செய்தி 0 முதல் 127 வரைதான் எண் அனுப்பும். ஒரு ஈக்யூவின் ஃப்ரீக்வென்சி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை லாக் அளவுகோலில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 5.6 சதவீதம் நகரும். 1000 ஹெர்ட்ஸில் நின்றால் அடுத்த படி 1056. நடுவில் எதுவும் கிடையாது. பொதுவாகக் கொஞ்சம் பிரகாசம் கூட்ட, அடிச்சத்தம் குறைக்க இது போதும். ஆனால் அறையில் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் 'ங்ங்' என்று ரீங்கரிக்கிறது, அதைக் குறுகலான பேண்டால் (ஈக்யூ தொடும் ஒலிப்பகுதி) வெட்ட வேண்டும் என்றால் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருப்போம். இதற்கான மாற்று வழி ஒன்றைக் கடைசியில்தான் கண்டுபிடித்தேன், கீழே சொல்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். மொத்த முயற்சியிலும் அதிகப் பலன் தந்தது இதுதான். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, வழக்கம்போல மவுஸால் ஒரு பாட்டை முழுதாக மிக்ஸ் செய்தேன். எதைத் தொடுகிறேனோ அதற்கு நேராக ஒரு கோடு. முடிவில் தாளைப் பார்த்தால், கோடுகள் குவிந்திருந்த இடங்கள் சொற்பம்: ட்ராக்கின் வால்யூம், நிறுத்து-ஓட்டு-பின்னால் போ, ஈக்யூவின் லோ கட் (அடிச்சத்தத்தை வெட்டுவது), கீழ்-நடுப்பகுதி ஒரு பேண்ட், கம்ப்ரஸரின் த்ரெஷோல்ட் (எந்த அளவுக்கு மேல் அடக்கத் தொடங்கும் என்பது), ரிவெர்ப் சென்ட் (அறை எதிரொலி போடும் ப்ளகினுக்கு எவ்வளவு ஒலி அனுப்புவது என்பது). கம்ப்ரஸரின் அட்டாக், ரிலீஸ், ரேஷியோ எல்லாம் ஒருமுறை வைத்ததோடு சரி. பேனைக்கூட (ஒலி இடப்பக்கமா வலப்பக்கமா என்பது) ஒரு தடவை நகர்த்திவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன். பல பெட்டிகளின் விளம்பரத்தில் ட்ராக் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேன் குமிழ் இருப்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அது வெறும் அலங்காரம் என்பது அந்தத் தாளில் தெரிந்தது. பாட்டுக்காரர்களை நேரலையில் மிக்ஸ் செய்பவருக்கு, அல்லது பின்னணி இசை எழுதி வயலின் சாம்பிள்களுக்கு உயிர் கொடுக்க மாடுலேஷனும் எக்ஸ்பிரஷனும் ஓயாமல் அசைப்பவருக்கு (அதாவது மிடியின் கன்ட்ரோல் செய்தி எண்களான சிசி 1, சிசி 11) இந்தக் கோடுகள் வேறு இடத்தில் குவியும். பின்னணி இசை எழுதுபவருக்கு இரண்டு மூன்று நீளமான சாதாரண ஃபேடர்கள் போதும், மோட்டாரே தேவையில்லை.

அடுத்து ப்ளகின்கள். கன்ட்ரோலரை முதலில் வாங்கிவிட்டு ப்ளகினைப் பிறகு பார்க்கலாம் என்று பலர் சொல்வதுண்டு. என் கருத்து நேர் எதிர். குமிழுக்கும் ப்ளகினுக்கும் இடையே முடிச்சுப் போட்ட பிறகு ப்ளகினை மாற்றினால் முடிச்சு முழுவதையும் அவிழ்த்துத் திரும்பப் போட வேண்டும். ஆகவே முதலில் மாறாத ஒரு சின்ன ப்ளகின் தொகுப்பு, பிறகுதான் பெட்டி.

என்னிடம் இருந்ததோ மாறாத தொகுப்புக்கு நேர் எதிரான ஒன்று. தள்ளுபடியில் வாங்கியது, இலவசமாக வந்தது, ஆடியோ இன்டர்ஃபேஸோடு கூட வந்தது எல்லாம் சேர்ந்து, கம்ப்ரஸர் என்று தேடினால் திரை நிறையப் பட்டியல் வரும். கழித்துக்கட்ட நான்கு சோதனைகள் வைத்துக்கொண்டேன்.

முதலாவது, சத்தத்தைச் சமப்படுத்திக் கேட்பது. பெரும்பாலான ப்ளகின்கள் போட்டவுடன் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டிவிடும், கூடின சத்தம் எப்போதும் நன்றாக இருப்பதுபோலக் காதுக்குப் படும். ஒரு டெசிபல் கூட வேண்டாம், அரை டெசிபலே போதும் ஏமாற. யூலீன் லவுட்னஸ் மீட்டரைக் கடைசியில் போட்டு, ப்ளகின் இருக்கும்போதும் இல்லாதபோதும் எண் ஒன்றாக வரும்படி அவுட்புட்டைக் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் பட்டனை (ப்ளகினைத் தற்காலிகமாக விலக்குவது) எந்த நிலையில் இருக்கிறது என்று மறக்கும் அளவுக்குப் பலமுறை தட்டிவிட்டுக் கேட்டேன். பழைய கருவிகளின் படத்தைத் துருப்பிடித்த திருகாணி வரை அச்சாக வரைந்திருந்த சில ப்ளகின்கள் இந்தக் கட்டத்தில் ரீப்பரோடு கூடவே வருகிற ரீகாம்ப் கம்ப்ரஸரிடமிருந்து எனக்கு வேறுபடவே இல்லை. வேறுபாடு இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. நான் செய்கிற வேலைக்கு, என் அறையில், என் ஸ்பீக்கரில் தெரியவில்லை.

இரண்டாவது சோதனை கன்ட்ரோலருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது, பலரும் பார்க்காதது. ரீப்பரில் ப்ளகின் ஜன்னலின் மேல்பக்கம் 'யூஐ' என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் தட்டினால் அழகான படம் போய், ப்ளகின் வெளியே காட்டும் எல்லா அமைப்புகளும் வெறும் ஸ்லைடர்களாக வரிசையாக நிற்கும். கன்ட்ரோலருக்குத் தெரிவது இந்த வரிசை மட்டும்தான். சில ப்ளகின்களில் இது பார்க்கவே ஆனந்தமாக இருக்கும்: 'பேண்ட் 1 ஃப்ரீக்வென்சி, பேண்ட் 1 கெயின்' என்று பெயரும் மதிப்பும் தெளிவாக வரும். சிலவற்றில் நூற்றுக்கணக்கான அமைப்புகள், பெயர்கள் வெட்டப்பட்டு, மதிப்பு 0.437 என்று மொட்டையாக நிற்கும். எத்தனை டெசிபல் என்று புரியாது. இன்னும் சிலவற்றில் ஈக்யூ பேண்டை மவுஸால் புதிதாக உருவாக்கினால்தான் அது இருக்கும், இல்லாத பேண்டோடு குமிழை இணைத்துவிட்டுத் திருகிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. கேட்க நன்றாக இருந்த ஓர் ஈக்யூவை இந்த ஒரே காரணத்துக்காக விட்டுவிட்டேன்.

மூன்றாவது லேட்டன்சி, அதாவது ஒலி உள்ளே போய் வெளியே வர ஆகும் தாமதம். ரீப்பரில் எஃபெக்ட் ஜன்னலின் அடியில் சிபியூ சதவீதத்தோடு அந்தத் தொடர் எத்தனை சாம்பிள் தாமதம் சேர்க்கிறது என்றும் காட்டும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக் கையாளும் ஒலித்துண்டு) 128 சாம்பிள் என்றால் ஒரு பஃபருக்கு ஏறத்தாழ 2.7 மில்லிசெகண்ட், 512 என்றால் 10.7. பாடும்போது 128இல் வைத்துக்கொண்டு சுகமாகப் பாடிக்கொண்டிருப்போம், அப்புறம் மாஸ்டரில் முன்கூட்டிப் பார்க்கும் லிமிட்டர் ஒன்றையோ லீனியர் ஃபேஸ் ஈக்யூ ஒன்றையோ போட்டால் ஹெட்ஃபோனில் குரல் சட்டென்று பின்தங்கும். மென்பொருள் எல்லா ட்ராக்கையும் இந்தத் தாமதத்துக்கு ஏற்ப ஒழுங்கு செய்துவிடுவதால் பிளேபேக்கில் பிரச்சினையே தெரியாது, நேரலையாகப் பாடும்போதுதான் தெரியும். அதனால் பதிவு செய்யும்போது போட்டிருக்கக்கூடியவை, மிக்ஸில் மட்டும் போடக்கூடியவை என்று இரண்டாகப் பிரித்தேன். முதல் பிரிவில் தாமதம் பூஜ்யமாகக் காட்டுவதற்கு மட்டுமே இடம்.

நான்காவது உரிமம். யூஎஸ்பி சாவி செருகினால்தான் திறக்கும் என்பதையும், அவ்வப்போது இணையத்தைக் கேட்பதையும் விலக்கினேன். இருக்கிற யூஎஸ்பி துளைகள் கன்ட்ரோலருக்கே வேண்டும்.

மிஞ்சியவை இவை. ஈக்யூவுக்கு ரீஈக்யூ, கம்ப்ரஸருக்கு ரீகாம்ப். 'ஸ' சத்தத்தை அடக்கவும், அதிகமாகும்போது மட்டும் குறைக்க வேண்டிய இடங்களுக்கும் டிடிஆர் நோவாவின் இலவசப் பதிப்பு. அது டைனமிக் ஈக்யூ, ஆகவே 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பேண்டை வைத்தால் டீ-எஸ்ஸர் வேலையைச் செய்துவிடும். பெரிய வெளி வேண்டுமென்றால் வல்ஹாலா சூப்பர்மாசிவ், சாதாரண அறை ரிவெர்புக்கு ட்ராகன்ஃப்ளை. இவையும் இலவசம். ஒலியின் எந்தப் பகுதி எவ்வளவு இருக்கிறது என்று திரையில் பார்ப்பதற்கு வாக்ஸெங்கோ ஸ்பான். சிந்தசைஸருக்கு சர்ஜ் எக்ஸ்டி. கட்டணம் கொடுத்து வாங்கியதில் ஒரே ஒரு பியானோ சாம்பிள் தொகுப்பும் ஒரு சுருதி திருத்தும் ப்ளகினும் மட்டும் தப்பின. மற்றதை அழித்துவிடாமல் வேறொரு கோப்புறைக்கு மாற்றி, ரீப்பர் தேடும் பாதையிலிருந்து அதை நீக்கிவிட்டேன். பழைய பாட்டைத் திறக்கும்போது ஏதாவது குறைகிறது என்றால் திரும்பக் கொண்டுவரலாம்.

இப்போது பெட்டி. எட்டு மோட்டார் ஃபேடர்களும் ஒரு மாஸ்டர் ஃபேடரும் கொண்ட பெரிய பெட்டி ஒன்று நண்பரிடம் இருந்தது. வாங்கும் எண்ணத்தோடு அதைத்தான் முதலில் கடன் கேட்டு வைத்துப் பார்த்தேன். மேக்கி கன்ட்ரோல் நெறிமுறையில் பேசும் வகை. ரீப்பரின் கன்ட்ரோல் சர்ஃபேஸ் பட்டியலில் அதைச் சேர்த்ததுமே ஃபேடர்கள் தாமாக எழுந்து திரையில் இருக்கும் இடத்துக்கு ஓடி நின்றன. அதைப் பார்க்கிற சந்தோஷமே தனி, மறுக்கவில்லை. இந்த நெறிமுறையில் ஃபேடர்கள் சாதாரண கன்ட்ரோல் செய்திக்குப் பதிலாகப் பிட்ச் பெண்ட் செய்தியைப் பயன்படுத்துகின்றன. 14 பிட் என்பதால் 128 படித் தொல்லை வால்யூமில் கிடையாது. வால்யூம் வேலைக்கு அருமை.

ஆனால் என் வேலைக்கு அது பெரிதாகிவிட்டது. 100 மில்லிமீட்டர் ஃபேடர்கள் வைத்த பெட்டி மேசையில் கீபோர்டு இருந்த இடத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. கீபோர்டு மடிக்கு வந்தது. ஒரே அறையில் மைக்கும் இருப்பதால், ஆட்டோமேஷன் (எழுதி வைத்த ஏற்ற இறக்கம் தானாக ஓடுவது) உள்ள ட்ராக்குகளை ஓட்டிக்கொண்டு பாடினால் ஃபேடர்கள் ஓடுகிற 'ட்ர்ர்' சத்தம் கண்டென்ஸர் மைக்கில் மெல்லியதாகப் பதிந்தது. ட்ராக்குகள் எட்டுக்கு மேல் போனால் பேங்க் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எந்த எட்டில் இருக்கிறோம் என்று திரையைப் பார்க்க வேண்டும். ப்ளகினைக் கட்டுப்படுத்தும் பகுதி அதைவிடச் சிரமம்: குறுந்திரையில் ஒரு ட்ராக்குக்கு ஏழு எழுத்துகள்தான் இடம், அமைப்புகள் எட்டெட்டாகப் பக்கம் பக்கமாக வரும், கம்ப்ரஸரின் த்ரெஷோல்ட் ஒரு ப்ளகினில் முதல் பக்கத்திலும் இன்னொன்றில் மூன்றாம் பக்கத்திலும் இருக்கும். கைக்கு ஒரு இடம் பழகாவிட்டால் குமிழ் இருந்து என்ன பயன்? பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். பத்துப் பேர் கொண்ட குழுவை ஒரே நேரத்தில் பதிவு செய்கிறவர் என்றால் அதையே வாங்கச் சொல்வேன். நான் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ட்ராக்கைத்தான் தொடுகிறேன், தாளில் இருந்த கோடுகளும் அதைத்தான் சொன்னன.

ஆகவே ஒற்றை மோட்டார் ஃபேடர் ஒன்று, எட்டு என்கோடர் (முடிவில்லாமல் சுற்றும் குமிழ்) பெட்டி ஒன்று. இரண்டும் சேர்ந்தே பெரிய பெட்டியின் விலைக்குக் கீழேதான் வந்தது. ஃபேடர் தேர்ந்தெடுத்த ட்ராக்கைத் தானாகப் பின்தொடரும். அதில் நான் கண்டிப்பாகப் பார்த்தது தொடு உணர்வு. ரீப்பரின் 'டச்' ஆட்டோமேஷன், விரல் வைத்திருக்கும்வரை எழுதி, விரலை எடுத்ததும் பழைய கோட்டுக்குத் திரும்பும். ஃபேடருக்கு விரல் தெரியாவிட்டால் இது ஒழுங்காக வேலை செய்யாது, விரலை எடுத்தாலும் கடைசி மதிப்பையே எழுதிக்கொண்டிருக்கும் 'லாட்ச்' முறையில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். குரலின் வரிகளை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றி இறக்குவதற்கு டச் முறைதான் வசதி.

எட்டுக் குமிழ் பெட்டியில்தான் அதிக நேரம் போனது. என்கோடர் முடிவில்லாமல் சுற்றும் என்றாலும், பெட்டியிலிருந்து வெளியே எடுத்த நிலையில் அது 0 முதல் 127 வரையே அனுப்பிக்கொண்டிருந்தது. சுற்றுவது மட்டும் முடிவில்லாமல், எண் பழையபடிதான். பெட்டியோடு வரும் எடிட்டர் மென்பொருளில் ஒவ்வொரு குமிழையும் 'ரிலேடிவ்' முறைக்கு மாற்ற வேண்டும். அப்போது அது 'நான் 64இல் இருக்கிறேன்' என்று சொல்வதை விட்டு, 'ஒரு படி வலது', 'இரண்டு படி இடது' என்று மட்டும் சொல்லும். ட்ராக் மாறினாலும் தாவல் இல்லை, பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, இதைத் தெரியாமல் பெட்டியில் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கலாம். 'ஒரு படி இடது' என்பதை எந்த எண்ணால் சொல்வது என்பதில் பல வழக்கங்கள் உண்டு. குமிழை ப்ளகின் அமைப்போடு இணைக்கும் ரீப்பரின் லேர்ன் ஜன்னலில் மூன்று இருக்கும். ரிலேடிவ் 1 என்றால் வலதுக்கு 1, இடதுக்கு 127. ரிலேடிவ் 2 என்றால் வலதுக்கு 65, இடதுக்கு 63. ரிலேடிவ் 3 என்றால் வலதுக்கு 1, இடதுக்கு 65. தவறானதைத் தேர்ந்தெடுத்தால் அறிகுறி விநோதமாக இருக்கும்: வலது பக்கம் சரியாகப் போகும், இடது பக்கம் திருப்பினால் மதிப்பு ஒரேயடியாக அடியில் போய் விழும், அல்லது திசையே தலைகீழாகும். மிடி செய்திகளைக் காட்டும் ஏதாவது ஒரு மானிட்டரைத் திறந்து, குமிழை ஒரே ஒரு 'கிளிக்' இடதுபக்கம் திருப்பி, என்ன எண் வருகிறது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது. என் பெட்டியில் 65 வந்தது. ரிலேடிவ் 3. வேகமாகத் திருப்பினால் 66, 67 என்று கூடுதல் படிகள் வரும், அதுவும் சரிதான்.

அடுத்த குழப்பம் எண்களின் மோதல். குமிழ்களுக்கு முதலில் 1இலிருந்து வரிசையாக சிசி எண் கொடுத்திருந்தேன். ஈக்யூவைத் திருப்பினால் பியானோ ட்ராக்கில் சத்தம் குறைகிறது. காரணம், சிசி 7 என்பது மிடியில் வால்யூம், சிசி 1 மாடுலேஷன், 10 பேன், 64 சஸ்டெயின் பெடல். இசைக்கருவி ட்ராக்குகள் 'எல்லா மிடி இன்புட்டும்' என்று திறந்திருந்ததால் குமிழின் செய்தி அவற்றுக்கும் போய்க்கொண்டிருந்தது. எட்டுக் குமிழையும் சிசி 20 முதல் 27 வரை மாற்றினேன். 20இலிருந்து 31 வரை மிடி தரத்தில் எந்த வேலைக்கும் ஒதுக்கப்படாதவை. சேனலையும் 16ஆக்கினேன். அதோடு ரீப்பரின் மிடி இன்புட் அமைப்பில் அந்தப் பெட்டிக்குக் கன்ட்ரோல் செய்திகளை மட்டும் அனுமதித்து, சாதாரண இன்புட்டை அணைத்தேன். இந்தக் கடைசிக் காரியம் ஒன்றே போதுமாக இருந்திருக்கும், ஆனாலும் மூன்றும் இருக்கட்டும்.

எந்தக் குமிழுக்கு எந்த வேலை என்பதில் பலமுறை மாற்றினேன். நின்றது இதுதான். முதல் குமிழ் லோ கட். இரண்டு, மூன்று கீழ்-நடுப்பகுதி பேண்டின் இடமும் அளவும். நான்கு மேல்பகுதி அளவு. ஐந்து கம்ப்ரஸர் த்ரெஷோல்ட். ஆறு கம்ப்ரஸரின் அவுட்புட். ஏழு நோவாவின் 'ஸ' பேண்ட் த்ரெஷோல்ட். எட்டு தொடரின் முதலில் இருக்கும் கெயின். லேர்ன் செய்யும்போது 'ட்ராக் தேர்வாகியிருக்கும்போது மட்டும்' என்ற பெட்டியை டிக் செய்தால், அதே எட்டுக் குமிழ் எந்த ட்ராக்கில் நிற்கிறோமோ அதற்கு வேலை செய்யும். இப்படி அமைத்த ட்ராக்கை டெம்ப்ளேட்டாகச் சேமித்து, புதிய ட்ராக் ஒவ்வொன்றையும் அதிலிருந்தே தொடங்குகிறேன். குமிழை அழுத்தினால் அந்த ப்ளகினின் பைபாஸ். ரீப்பர் எந்த ப்ளகினுக்கும் 'பைபாஸ்', 'வெட்' போன்ற அமைப்புகளைத் தானாகவே சேர்த்துத் தருவதால் இதற்கு ப்ளகினின் ஒத்துழைப்பு தேவையில்லை.

எட்டாவது குமிழைக் கெயினுக்கு ஒதுக்கியது வீண் என்று தோன்றலாம். அதுதான் மற்ற ஏழையும் பயனுள்ளதாக்குகிறது. ஒரு ட்ராக் மெலிதாகவும் இன்னொன்று பலமாகவும் உள்ளே வந்தால், த்ரெஷோல்ட் ஒன்றில் -40இல் வேலை செய்யும், இன்னொன்றில் -12இல். கைக்கு எந்தப் பழக்கமும் வராது. ரீப்பரோடு வரும் எளிய 'ஜேஎஸ்' வகை ப்ளகினான வால்யூம் அட்ஜஸ்ட்மென்ட்டை முதலில் போட்டு, எல்லா ட்ராக்கையும் சராசரி -18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் உச்ச அளவுக்கு 18 டெசிபல் கீழே) பக்கம் கொண்டுவந்தால், த்ரெஷோல்ட் குமிழ் எல்லா ட்ராக்கிலும் ஏறத்தாழ ஒரே அளவு சுற்றினால் ஒரே அளவு பிடிக்கும். பழைய அனலாக் கருவிகளைப் போலச் செய்யும் ப்ளகின்கள் பலவும் அந்த அளவை எதிர்பார்த்தே செய்யப்பட்டவை.

இப்போது அந்த 5.6 சதவீதப் படிக்கு வருவோம். ரீப்பரில் ஒவ்வொரு அமைப்புக்கும் 'பாராமீட்டர் மாடுலேஷன்' என்று ஒரு ஜன்னல் உண்டு. அதில் ஒரு ப்ளகினின் அமைப்பை அதே ட்ராக்கில் இருக்கும் இன்னொரு ப்ளகினின் அமைப்போடு இணைக்கலாம், எந்த அளவு நகர வேண்டும் என்று சதவீதமும் கொடுக்கலாம். எட்டு வெற்று ஸ்லைடர்கள் மட்டும் உள்ள ஒரு சின்ன ஜேஎஸ் ப்ளகினை எழுதினேன், சில வரிகள்தான், ஒலியை அது தொடாது. குமிழ் அந்த ஸ்லைடரை அசைக்கும், ஸ்லைடர் ஈக்யூவின் ஃப்ரீக்வென்சியை 25 சதவீதம் மட்டும் அசைக்கும். அடிப்படை மதிப்பை 150 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் குமிழின் முழு வீச்சும் ஏறத்தாழ 840 வரைக்குள் அடங்கிவிடுகிறது. எனக்கு அந்தப் பேண்டில் அதற்கு மேல் வேலையே இல்லை. ஒரு படி 1.4 சதவீதம், அதாவது 300 ஹெர்ட்ஸில் 17க்குப் பதில் 4 ஹெர்ட்ஸ். காதுக்குப் படிக்கட்டு தெரிவதில்லை. இதையே த்ரெஷோல்டுக்கும் செய்தேன், 0இலிருந்து -60 வரை எல்லாம் தேவைப்படுவதே இல்லை.

யூஎஸ்பி பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் ஃபேடருக்குத் தனி அடாப்டர் வந்தது, அதை அதிலேயே ஓட்டுகிறேன். குமிழ் பெட்டியை முதலில் தனி மின்சாரம் இல்லாத ஹப்பில், கீபோர்டோடு சேர்த்துச் செருகியிருந்தேன். அவ்வப்போது காணாமல் போய்த் திரும்ப வந்தது. மின்சாரம் உள்ள ஹப்புக்கு மாற்றியதும் நின்றது. ஆடியோ இன்டர்ஃபேஸை எந்த ஹப்பிலும் போடாமல் கணினியில் நேராகச் செருகியிருக்கிறேன். விண்டோஸில் ஒரு மிடி கருவியைத் துளை மாற்றிச் செருகினால் பெயருக்கு முன் '2-' ஒட்டிக்கொண்டு புதிய கருவியாக வரும் வாய்ப்பு உண்டு, அப்போது மேப்பிங் (குமிழுக்கும் ப்ளகினுக்கும் போட்ட இணைப்பு) எல்லாம் அம்போ. எந்த வயர் எந்தத் துளை என்று வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டிவிட்டேன். அதே டேப் குமிழ்களுக்குக் கீழேயும். மங்கலான வெளிச்சத்தில் படிக்க முடிகிற அளவுக்குத் தடித்த மார்க்கர் வேண்டும், பேனா எழுத்து சீக்கிரமே விரல் பட்டு அழிந்துவிட்டது.

இன்னும் ஒத்துவராதது ரிவெர்ப் சென்ட். தாளில் நிறையக் கோடு வாங்கியும், எட்டில் அதற்கு இடம் தர முடியவில்லை. என் டெம்ப்ளேட்டில் சென்ட் அளவை நேர்த்தியாகக் குமிழோடு இணைக்கவும் முடியவில்லை. இப்போதைக்கு அது மவுஸில்தான். ஏழாவது குமிழ் குரல் அல்லாத ட்ராக்குகளில் சும்மா கிடப்பதால், அங்கே ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும்.

மறுபடி தொடங்குவதானால், தாளில் கோடு போடுவதை ஒரு பாட்டோடு நிறுத்தாமல் குரல் அதிகமுள்ள பாட்டு, வாத்தியம் அதிகமுள்ள பாட்டு என்று இரண்டு விதத்துக்கும் செய்வேன். குமிழ்களைச் சுற்றி விளக்கு வளையம் உள்ள பெட்டியைத் தேடமாட்டேன், ரிலேடிவ் முறையில் என் பெட்டியின் வளையம் உண்மையான மதிப்பைக் காட்டுவதில்லை, வீண் அழகு. குமிழின் 'கிளிக்' அழுத்தம் கையில் எப்படி இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன், படங்களில் அது தெரியாது. ரீப்பரின் ப்ரிஃபரென்ஸில் 'எக்ஸ்போர்ட் கான்ஃபிகரேஷன்' இருக்கிறது. மேப்பிங் நின்ற அன்றே அதையும், எடிட்டரில் செய்த குமிழ் அமைப்புக் கோப்பையும், டெம்ப்ளேட்டையும் ஒரே கோப்புறையில் போட்டு வெளி டிஸ்க்கில் நகல் வைத்தாயிற்று.

அடுத்து வர வேண்டியது கால் பெடல். கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு பஞ்ச்-இன் (ஓடுகிற பாட்டின் நடுவில் ஓர் இடத்தை மட்டும் திரும்பப் பதிவது) செய்ய மவுஸுக்கு எட்ட முடிவதில்லை. பழைய சஸ்டெயின் பெடல் ஒன்று கிடக்கிறது. அதை கீபோர்டில் செருகினால் சிசி 64 அனுப்பும், அழுத்தினால் 127, விட்டால் 0. கீபோர்டை ஆன் செய்யும்போது பெடலில் கால் இருந்தால் துருவம் தலைகீழாகி, விடும்போது அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது. அதை ரெக்கார்ட் கட்டளையோடு இணைத்தால் பியானோ வாசிக்கும்போது சஸ்டெயினுக்கு என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. தனியாக ஒரு யூஎஸ்பி பெடல் வாங்கி அதற்கும் சேனல் 16ஐக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.